மதகுக் கருவி, சர்வர், ஆப்: ஜிபிஎல் 2, அப்பாச்சி 2.0, ஏஜிபிஎல் எல்லாம் ஒரே வேலையில் சேருமா?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வாய்க்கால் மதகுகளில் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்து கொடுக்கிறோம். மேட்டூர் திறந்தபின் எந்த மதகில் எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு முறை பாக்குறவங்க போன்லயே பாக்கணும். 20 கருவி, ஒரு சர்வர், ஒரு ஆண்ட்ராய்டு ஆப். கூடவே நெல் இலையைப் படம் எடுத்தா நோய் சொல்ற வசதியும் கேட்டிருக்காங்க.

எங்க நிரல் கோடு முழுசையும் திறந்து கொடுக்க எங்களுக்குத் தடையில்லை. ஆனா வாங்குறவங்க, "உள்ள இருக்குற உரிமங்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டாதுன்னு எழுத்துல கொடுங்க" என்கிறார்கள். உள்ளே இருப்பது இவை:

கருவியில்: இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னச் சில்லு), அதன் அடிப்படை மென்பொருள் இஎஸ்பி-ஐடிஎஃப் (அப்பாச்சி 2.0 உரிமம்), மேலே ஆர்டுயினோ கோர் (எல்ஜிபிஎல் 2.1 அல்லது பிந்தையது; ஜிபிஎல்லின் இளகிய வடிவம்), மீயொலி சென்சாரைப் படிக்க ஒரு சின்ன லைப்ரரி (ஜிபிஎல் 2; நகல் கொடுத்தால் மூலக் கோடையும் அதே உரிமத்தில் கொடு என்பது).

சர்வரில்: பைத்தான் லைப்ரரிகளான ஜாங்கோ (வலைத்தளம் கட்ட), சைக்காப்ஜி2 (டேட்டாபேஸோடு பேச), யூனிடீகோடு (பெயர்களை ஆங்கில எழுத்தாக்க). சிட்டா பிடிஎஃப்பிலிருந்து சர்வே எண் எடுக்க பைமியூபிடிஎஃப். இலைநோய்க்கு அல்ட்ராலிட்டிக்ஸ் யோலோ (படத்தில் இருப்பதை அடையாளம் காணும் மாடல்).

மற்றவை: வரைபடம் காட்ட லீஃப்லெட், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வாய்க்கால் கோடுகள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, ஒரு டிடிபி கடைக்காரர் கொடுத்த பாமினி எழுத்துரு. கிட்ஹப்பில் கிடந்த ஒரு கல்லூரி ப்ராஜெக்டிலிருந்து இரண்டு ஃபங்ஷன், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து சில வரிகள்.

எது எதோட சேராது?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

பட்டியல் போட்டுக் கேட்டதே பாதி வேலை. பலர் "ஓப்பன் சோர்ஸ்தானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இரண்டு உரிமங்களைப் பக்கத்தில் வைத்து "சேருமா" என்று கேட்டால் விடை வராது. இரண்டு துண்டும் ஒரே பைனரிக்குள் (ஓடத் தயாரான நிரல் கோப்புக்குள்) போகின்றனவா? அந்த பைனரி உங்கள் கையைவிட்டு வேறொருவர் கைக்குப் போகிறதா? இந்த இரண்டும் தெரிந்தால்தான் எதையும் சொல்ல முடியும். உங்கள் மேசையில் ஜிபிஎல்லையும் வேறெதையும் கலந்து ஓட்டிப் பார்க்கத் தடை எதுவும் இல்லை. கருவியை விவசாயி கையில் கொடுக்கும் நிமிடத்தில்தான் நிபந்தனைகள் விழித்துக்கொள்கின்றன.

இரண்டாவது, திசை. தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகிற தண்ணீர் மாதிரி கோடும் ஒரே பக்கம்தான் ஓடும். எம்ஐடி, பிஎஸ்டி (நிபந்தனை குறைந்த, இளகிய உரிமங்கள்) கோடு அப்பாச்சி 2.0 திட்டத்துக்குள் போகலாம், அப்பாச்சி 2.0 கோடு ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் போகலாம். ஜிபிஎல் 3, தன் 13ஆம் பிரிவின்படி ஏஜிபிஎல் 3 (வலை வழியாகப் பயன்படுத்துவதற்கும் நீளும் ஜிபிஎல்) உடன் சேரலாம். திரும்பி வராது. ஜிபிஎல் 3 கோடை எடுத்து "மொத்தமும் அப்பாச்சி" என்று வெளியிட முடியாது. "ஜிபிஎல் 2 மட்டும்" என்பது இந்த வரிசையிலேயே இல்லை. அது ஜிபிஎல் 3 உடனும் சேராது, அப்பாச்சி 2.0 உடனும் சேராது.

ஆகவே உங்கள் பட்டியலில் உண்மையான முட்டல் கருவியில்தான். சர்வரில் இருப்பது வேறு வகைச் சிக்கல்.

மன்னை_சில்லு (மன்னார்குடி)

கருவிப் பக்கம் நான் சொல்றேன்.

ஃபர்ம்வேர்னா (சில்லுக்குள்ள இறங்குற நிரல்) டைனமிக் லிங்க் (ஓடும்போது லைப்ரரியை வெளிய இருந்து சேக்குறது) பேச்சே கிடையாது. ஐடிஎஃப், ஆர்டுயினோ கோர், சென்சார் லைப்ரரி, உங்க கோடு எல்லாம் ஒரே இமேஜா ஃப்ளாஷ்ல இறங்குது. அதனால "தனித்தனி நிரல், சும்மா பக்கத்துல வச்சிருக்கோம்"னு வாதாட வழியில்ல.

ஜிபிஎல் 2ஓட 6ஆம் பிரிவு, வாங்குறவர் மேல கூடுதல் கட்டுப்பாடு எதுவும் போடாதேங்குது. அப்பாச்சி 2.0ல, பேட்டன்ட் வழக்கு போட்டா பேட்டன்ட் உரிமம் ரத்துன்னு ஒரு நிபந்தனை, பொறுப்பேற்பு பத்தி இன்னொண்ணு. ரெண்டும் ஜிபிஎல் 2ல இல்லாத கூடுதல்னு எஃப்எஸ்எஃப் (ஜிபிஎல்லை வெளியிடுற அமைப்பு) நிலைப்பாடு. ஜிபிஎல் 3 எழுதும்போது (2007) இதுக்கு இடம் விட்டுட்டாங்க.

வழக்கமா ரெண்டு குறுக்குவழி சொல்வாங்க, ரெண்டும் இங்க உதவாது.

ஒண்ணு, "ஐடிஎஃப் சிஸ்டம் லைப்ரரி, விதிவிலக்கு இருக்கே". ஜிபிஎல் 2 பிரிவு 3ல அந்த விதிவிலக்கு இருக்கு. ஆனா அந்தக் கூறு பைனரியோடவே சேர்ந்து போனா பொருந்தாதுன்னு அதே வாக்கியத்துல எழுதியிருக்கு. ஃபர்ம்வேர்ல சேர்ந்துதான் போகுது.

ரெண்டு, "ஐடிஎஃப்புக்குள்ள இருக்குற குறியாக்க லைப்ரரி எம்பெட் டிஎல்எஸ்ஸை ஜிபிஎல்லிலயும் எடுக்கலாமே". உண்மைதான், அது அப்பாச்சி 2.0 அல்லது ஜிபிஎல் 2 அல்லது பிந்தையதுன்னு இரட்டை உரிமம். கூட இருக்குற ஃப்ரீஆர்டிஓஎஸ் எம்ஐடி, எல்டபிள்யுஐபி பிஎஸ்டி. அதெல்லாம் சரி. ஐடிஎஃப்போட சொந்தக் கோடு அப்பாச்சியாவே நிக்குதே, அதை என்ன செய்வீங்க?

என் யோசனை: அந்த லைப்ரரியைத் தூக்கிப் போடுங்க. என்ன சென்சார்?

அரசலாறு

ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, தண்ணி படாத தலை உள்ளது.

மன்னை_சில்லு

அதுக்கு லைப்ரரியே வேணாம் தம்பி. ட்ரிக்கர் பின்னை 10 மைக்ரோசெகண்ட் மேலே தூக்கி இறக்குங்க, எக்கோ பின் எத்தனை மைக்ரோசெகண்ட் உயர்ந்து நிக்குதுன்னு அளங்க, 58ஆல வகுத்தா சென்டிமீட்டர். டைம்அவுட் வைங்க, அஞ்சு தடவை அளந்து நடு மதிப்பை எடுங்க. 40 வரிக்குள்ள முடியும்.

முக்கியமானது: பழைய லைப்ரரியைத் திறந்து வச்சுக்கிட்டு பேர் மாத்தி எழுதாதீங்க, அது நகல்தான். டேட்டாஷீட்டை மட்டும் பார்த்து எழுதுங்க. முடிஞ்சா அந்த லைப்ரரியைப் பாக்காத ஆள் எழுதட்டும்.

உரிமத்துக்கு வெளிய ஒரு குறிப்பு: 58ங்கிறது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம்ம ஊர் 35 டிகிரியில ஒலி கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகமாப் போகும். 2 மீட்டர் தூரத்துல 5 சென்டிமீட்டர் தப்பும். ஒரு வெப்ப சென்சார் வச்சுத் திருத்துங்க. தலைக்கு முன்னாடி 25 சென்டிமீட்டர் வரைக்கும் குருட்டு இடம், அதனால வெள்ள மட்டத்துக்கு மேல அதையும் விட்டு மாட்டணும். எக்கோ 5 வோல்ட், இஎஸ்பி32 பின் 3.3 வோல்ட், நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட மறக்காதீங்க.

வெண்ணாறு

எழுதுவதற்கு முன் ஒன்று பாருங்கள். அந்த லைப்ரரியில் "பதிப்பு 2 மட்டும்" என்று எங்காவது எழுதியிருக்கிறதா, அல்லது உரிமக் கோப்பில் ஜிபிஎல் 2 உரை மட்டும் கிடக்கிறதா?

அரசலாறு

உரிமக் கோப்பு மட்டும்தான். சோர்ஸ் கோப்புகள்ல தலைப்பே இல்லை. ரீட்மீயில "ஜிபிஎல்"னு ஒரே ஒரு வார்த்தை.

வெண்ணாறு

அப்படியானால் ஒரு வாதம் இருக்கிறது. ஜிபிஎல் 2இன் 9ஆம் பிரிவு, நிரல் பதிப்பு எண் எதையும் குறிப்பிடாவிட்டால் இதுவரை வெளியான எந்தப் பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. 3ஐத் தேர்ந்தால் அப்பாச்சியுடன் சேரும். எல்ஜிபிஎல் 2.1 கோடையும் அதன் 3ஆம் பிரிவு வழியாக ஜிபிஎல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்த ஃபர்ம்வேரும் ஜிபிஎல் 3 ஆகிவிடும்.

கோடியக்கரை (வேதாரண்யம்)

வெண்ணாறு சார் சொல்வது படிப்பதற்குச் சரி. கையெழுத்துப் போடுவதற்கு அது போதாது. பதிப்பு 2 உரையைக் கோப்பாக வைத்ததே பதிப்பைக் குறிப்பிட்டதுதான் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஆசிரியரிடம் கேட்டு, ஒவ்வொரு கோப்பிலும் எஸ்பிடிஎக்ஸ் (உரிமத்தைச் சுட்டும் பொதுக் குறியீடு) அடையாள வரியாக "ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்" போடச் சொல்லுங்கள். பல பேர் பங்களித்திருந்தால் ஒருவர் சம்மதம் மற்றவர்களைக் கட்டாது. 40 வரிக்கு இத்தனை கடிதப் போக்குவரத்தா என்பது உங்கள் கணக்கு.

மன்னை_சில்லு

ஜிபிஎல் 3 ஆனா இன்னொண்ணும் வரும். செக்யூர் பூட் போட்டு இஃப்யூஸ் (சில்லுல ஒரே தடவை எழுதக்கூடிய இடம்) எரிச்சீங்கன்னா, உங்க சாவியில கையெழுத்துப் போடாத ஃபர்ம்வேர் அந்தச் சில்லுல ஏறவே ஏறாது. ஜிபிஎல் 3 பிரிவு 6, வீட்டு உபயோகப் பொருள்னா மாத்தின ஃபர்ம்வேரை ஏத்தத் தேவையான சாவி, தகவல் எல்லாம் கொடுக்கணும்கிறது. மதகுல மாட்டுற கருவி அந்த வகையில வராதுன்னு வாதாடலாம். ஆனா சந்தேகம் வந்தா வாங்குறவர் பக்கமாவே முடிவெடுக்கணும்னு உரிமத்துலயே எழுதி வச்சிருக்காங்க. இஃப்யூஸ் எரிச்சா திரும்பாது, 20 கருவிக்கும் சேர்த்து யோசிச்சுக்குங்க.

நாகை_காற்று (நாகப்பட்டினம்)

அண்ணே, 20 கருவிக்கு யாரு அமெரிக்காவுல இருந்து வந்து கேஸ் போடப் போறா? நடைமுறையா பேசுங்க.

கோடியக்கரை

போடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குபவர் எழுத்தில் உறுதி கேட்கிறார். தெரிந்தே தவறான உறுதி கொடுத்தால் பிரச்சினை அமெரிக்காவிலிருந்து வராது, இங்கேயே ஒப்பந்த மீறலாக வரும்.

உரிமம் என்பது வெறும் வேண்டுகோள் என்ற எண்ணமும் பழையது. 2008இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் (மாதிரி ரயில் மென்பொருள் பற்றியது) அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே வகைப்படுத்துகிறது.

ஜிபிஎல் 2இல் மீறிய உடனே உரிமம் தானாக அற்றுப்போகும், பிரிவு 4. ஜிபிஎல் 3 கொஞ்சம் இளகியது: முதல் தடவை அறிவிப்பு வந்து 30 நாளில் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பிவிடும்.

திருவாரூர்_பைத்தான்

சர்வருக்கு வருவோம். ஒரே கேள்வி: சர்வர் உங்க கிட்டயே ஓடுதா, இல்லை அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுக்கறீங்களா?

அரசலாறு

முதல் வருஷம் எங்க கிட்ட. பிறகு அவங்க இடத்துக்கு மாத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு.

திருவாரூர்_பைத்தான்

அப்போ நகல் கைமாறப்போகுதுன்னே நினைச்சு இப்பவே அமையுங்க. பிறகு பிரிக்கிறது பெரிய வேலை.

ஜாங்கோ பிஎஸ்டி, கவலையில்லை. சைக்காப்ஜி2 எல்ஜிபிஎல், பைத்தான்ல இம்போர்ட் பண்றதோட நின்னா போதும். அதையே மாத்தினா அந்த மாத்தின கோடைக் கொடுக்கணும்.

யூனிடீகோடு ஜிபிஎல் 2 அல்லது பிந்தையது. பேர் சின்னது, யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா இம்போர்ட் பண்ணி நகல் கொடுத்தா உங்க சர்வர் மொத்தமும் ஜிபிஎல் பக்கம் போயிடும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துல மாத்தத்தான் அதுன்னா, ஓப்பன்-தமிழ் லைப்ரரி எம்ஐடி, தமிழுக்குன்னே எழுதினது.

பைமியூபிடிஎஃப் ஏஜிபிஎல் 3, இல்லைன்னா காசு கொடுத்து வணிக உரிமம். சர்வே எண் எடுக்க அது வேண்டியதில்லை. பைபிடிஎஃப் (பிஎஸ்டி) அல்லது பிடிஎஃப்மைனர்.சிக்ஸ் (எம்ஐடி) போதும். ஒரு எச்சரிக்கை: எதுல எடுத்தாலும் தமிழ் எழுத்து பிடிஎஃப்ல வரைஞ்ச வரிசையிலேயே வரும், "கொ" உடைஞ்சு கொம்பு முன்னால நிக்கும். சர்வே எண், உட்பிரிவு எல்லாம் இலக்கம்ங்கறதால பிழைச்சீங்க. பட்டாதாரர் பெயரை நம்பாதீங்க.

மாத அறிக்கையைத் தமிழ் பிடிஎஃப்பா அச்சடிக்கணும்னா வீசிபிரிண்ட் (பிஎஸ்டி) எடுங்க. அது பாங்கோவை (எல்ஜிபிஎல்) கூப்பிட்டு எழுத்தைச் சரியாக் கோக்கும்.

நாகை_காற்று

ஏஜிபிஎல்ல மாத்தினாத்தானே கோடு கொடுக்கணும்? மாத்தாம ஓட்டினா?

வெண்ணாறு

13ஆம் பிரிவின் வாசகம் அப்படித்தான்: நீங்கள் நிரலை மாற்றியிருந்தால், வலை வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மூலத்தைத் தர வேண்டும். ஆனால் அந்த உரிமத்தில் "மாற்றுதல்" என்பது கோப்பைத் திருத்துவது மட்டுமல்ல. அனுமதி தேவைப்படும் விதத்தில் படைப்பைத் தழுவுவதும் அதில் அடங்கும். உங்கள் ஜாங்கோ கோடு அதை இம்போர்ட் செய்து, அதன் ஆப்ஜெக்டுகளைக் கையாண்டு ஓடும்போது, இரண்டும் சேர்ந்தது ஒரே படைப்பு என்ற வாசிப்புதான் பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. தொடாத ஏஜிபிஎல் நிரலைத் தனிச் செயலாகக் கட்டளை வரியில் ஓட்டி, கோப்பைக் கொடுத்துக் கோப்பை வாங்கினால் வேறு கதை. அப்போது பொதுவாக இரண்டும் தனி நிரல்கள்தாம். அதற்காக ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒரு எச்டிடிபி சேவையாக உடைத்துச் சுற்றி வேலி போட்டால் அது கண்ணாமூச்சி. உள் அமைப்புகளை நெருக்கமாகப் பகிர்ந்துகொண்டால் நடுவில் சாக்கெட் இருப்பதால் மட்டும் பிரிந்துவிடாது.

யோலோவுக்கும் இதுவே. அல்ட்ராலிட்டிக்ஸ் கோடு ஏஜிபிஎல் 3. அதில் பயிற்றிய மாடலுக்கும் அதே உரிமம் பொருந்தும் என்பது அவர்கள் நிலை. அந்த மாடலை டிஎஃப்லைட்டாக (போனில் ஓடும் வடிவம்) மாற்றி ஆப்புக்குள் வைத்தால், ஆப் தரவிறக்குகிற ஒவ்வொருவருக்கும் நகல் போகிறது. நீங்கள் மொத்தமும் ஏஜிபிஎல் 3இல் வெளியிடத் தயார் என்றால் ஒரு தொந்தரவும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு வழி தேடுங்கள்.

திருவாரூர்_பைத்தான்

இலைநோய்க்கு யோலோ எதுக்குன்னே புரியல. படத்துல ஒரே இலை. குலைநோயா, பழுப்புப் புள்ளியா, பாக்டீரியா கருகலான்னு வகை பிரிச்சா போதும். டார்ச்விஷன் (பிஎஸ்டி) கொடுக்கற மொபைல்நெட் வி3 மாடலை எடுத்துக் கடைசி அடுக்கை மட்டும் திரும்பப் பயிற்றுங்க, போன்லயே ஓடும். கட்டம் போட்டே காட்டணும்னா யோலோஎக்ஸ் அப்பாச்சி 2.0.

பயிற்றுற படங்களோட உரிமத்தையும் பாருங்க. "வணிகமல்லாத பயன்பாடு மட்டும்"னு இருக்கிற படத்தொகுப்பை, நீங்க காசு வாங்கிச் செய்யற வேலைக்குள்ள கொண்டுவராதீங்க.

கோடியக்கரை

கல்லூரி ப்ராஜெக்ட் கோடு பற்றி யாரும் பேசவில்லை. இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது அதுதான். ஜிபிஎல் நிபந்தனையோடு அனுமதி தருகிறது. உரிமக் கோப்பே இல்லாத ரிப்போ (கோடு வைத்திருக்கும் இடம்) எந்த அனுமதியும் தருவதில்லை. கிட்ஹப்பில் பொதுவில் கிடந்தால் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யலாம் (நகல் எடுக்கலாம்), அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது? மாணவர்கள் ஊழியர்கள் அல்லர். தனி ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பெரும்பாலும் எழுதியவர்களுக்கே. நான்கு பேர் எழுதியிருந்தால் நான்கு பேரிடமும் கேட்க வேண்டும். சுலபமான வழி, அவர்களே ரிப்போவில் எம்ஐடி உரிமக் கோப்பைச் சேர்ப்பது. கடிதமாக வாங்கினால் அதில் காலத்தையும் இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். நம் சட்டத்தின் 19ஆம் பிரிவில், காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. "உலகம் முழுவதும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும், மாற்றவும் பகிரவும்" என்று ஒரு வரி போதும். வாய்ச்சொல் செல்லாது, எழுத்தில் வேண்டும்.

உங்களுக்குப் பகுதிநேரமாகக் கோடு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் இதே எழுத்து வேண்டும். 17ஆம் பிரிவின்படி சம்பள ஊழியர் எழுதியது நிறுவனத்துக்கு. வெளியாள் எழுதியது, எழுதி வாங்காதவரை அவருக்கே.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: 2018 மே 2க்குப் பிந்தையவை சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (பெயர் சொல், அதே உரிமத்தில் பகிர் என்கிற உரிமம்), அது ஜிபிஎல் 3க்குள் போகலாம். அதற்கு முந்தைய 3.0 பதில்களுக்கு அந்த வழி இல்லை. இரண்டு வரி வழக்கமான கோடுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு முழு ஃபங்ஷன் என்றால் நீங்களே எழுதிவிடுங்கள்.

வெண்ணாறு

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ் ஓஎஃப்எல் 1.1 (எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம்). ஆப்போடு சேர்க்கலாம், பிடிஎஃப்பில் பதிக்கலாம், உரிம உரையைக் கூட வைத்தால் போதும். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்பதுதான் அதன் முக்கியத் தடை. டிடிபி கடை எழுத்துருவை இன்றே எடுத்துவிடுங்கள். யார் செய்தது என்றே தெரியாத கோப்புக்கு யார் அனுமதி தருவது? அது யூனிகோடும் இல்லை, தேடினால் எதுவும் கிடைக்காது.

வரைபடம்: லீஃப்லெட் பிஎஸ்டி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு ஓடிபிஎல் (தரவுத்தளங்களுக்கான திறந்த உரிமம்). திரையில் படமாகக் காட்டினால் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி போதும். ஆனால் நீங்கள் ஜிபிஎஸ்ஸில் நடந்து எடுத்த கிளை வாய்க்கால்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வாய்க்கால் கோடுகளோடு ஒரே அட்டவணையில் பின்னி அந்தத் தரவையோ அதிலிருந்து வரும் படத்தையோ வெளியே கொடுத்தால், அந்த அட்டவணையையும் ஓடிபிஎல்லில் திறக்க வேண்டும். மதகு எண், நீர்மட்டம் இவற்றைத் தனி அட்டவணையாக வைத்தால் அவை அதில் மாட்டாது.

அரசலாறு

சரி. சென்சார் லைப்ரரி, யூனிடீகோடு, பைமியூபிடிஎஃப், யோலோ, பாமினி ஐந்தும் வெளியே. மாணவர்களுக்கு எழுதுகிறோம், பதில் வராவிட்டால் அந்த ரெண்டு ஃபங்ஷனும் வெளியே. எங்க சொந்தக் கோடுக்கு அப்பாச்சி 2.0. ஆர்டுயினோ கோர் எல்ஜிபிஎல் மட்டும் ஃபர்ம்வேரில் மிச்சம். அதுக்கு என்ன கொடுக்கணும்?

மன்னை_சில்லு

எல்ஜிபிஎல் 2.1 பிரிவு 6: கோரை மாத்தி ஃபர்ம்வேரைத் திரும்ப லிங்க் பண்ண முடியணும். கோடை மூடி வைக்கிறவங்க ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுத்தாகணும். நீங்க முழுக் கோடையும் கொடுக்கறதால அது தானா நிறைவேறுது. ஆனா "கோடு கிட்ஹப்ல இருக்கு"ன்னு விட்டா பில்ட் ஆகாது. ஐடிஎஃப், கோர் ரெண்டோட கமிட் எண், எஸ்டிகே கான்ஃபிக் கோப்பு, பார்ட்டிஷன் அட்டவணை, கம்பைலர் பதிப்பு, ஃப்ளாஷ் பண்ற கட்டளை எல்லாம் ஒரே கட்டா வைங்க. புது லேப்டாப்ல ஒரு தடவை பில்ட் பண்ணிப் பாத்துட்டுக் கொடுங்க.

கருவியோடவே பென்டிரைவ்ல கொடுத்துடுங்க. "கேட்டா தருவோம்"னு எழுதிக் கொடுத்தா 3 வருஷம் அதைக் காப்பாத்தணும்.

திருவாரூர்_பைத்தான்

பட்டியலை ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. பிப்-லைசன்சஸ் ஓட்டினா பைத்தான் பக்கம் எல்லாம் வரும், சார்புக்குச் சார்பா வந்ததும் சேர்த்து. ஃபர்ம்வேர் அடைவுக்கு ஸ்கேன்கோடு. ஆனா பேக்கேஜ் தகவல்ல "பிஎஸ்டி"ன்னு இருந்தும் உள்ள ஒரு கோப்பு மட்டும் வேற உரிமத்துல கிடக்கலாம், அதை ஸ்கேன்கோடுதான் காட்டும். சந்தேகம் வந்த கோப்பைத் திறந்து தலைப்பைக் கண்ணால படிங்க.

அரசலாறு

கருவியில திரையே இல்லையே, உரிம அறிவிப்பை எங்க காட்டறது?

மன்னை_சில்லு

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி எதுவும் திரையில காட்டுன்னு கேக்கல. நகலோட கூடப் போனா போதும். பெட்டிக்குள்ள ஒரு தாள், பென்டிரைவ்ல முழு உரை. ஐடிஎஃப் கோப்பு எதையாவது நீங்க திருத்தியிருந்தா, திருத்தினதா அந்தக் கோப்புலயே ஒரு வரி எழுதணும், அது அப்பாச்சி பிரிவு 4.

வைஃபை அமைக்க உங்க கருவி ஒரு வலைப்பக்கம் காட்டுதில்ல, அதுலயே "உரிமங்கள்"னு ஒரு இணைப்பு போட்டுடுங்க. அப்பாச்சி உரை 11 கேபி, எல்ஜிபிஎல் 2.1 26 கேபி. ஜிசிப் பண்ணி லிட்டில்எஃப்எஸ்ல வச்சா 4 எம்பி ஃப்ளாஷ்ல இடமே தெரியாது. அனுப்பும்போது கன்டென்ட்-என்கோடிங் ஹெடரைச் சேக்க மறந்தா பக்கம் குப்பையா வரும், அதை மட்டும் பாத்துக்குங்க.